ஐந்தரை சென்ட்

2009ல் ஆபீஸ் வேலையாக நியூயார்க் மாநிலத்தில் எட்டு மாதம் இருந்தேன். நியூயார்க் என்றதும் வானுயரக் கட்டடங்களை நினைக்க வேண்டாம். நான் இருந்தது மாநிலத்தின் உள்பகுதி. எங்கே பார்த்தாலும் மாட்டுப் பண்ணை, புல்வெளி. என் வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டிய விவசாயி. ஒருநாள் வயலில் ஒரு வளையைக் காட்டி, "இதில் கால் விட்டுத்தான் போன வருஷம் ஒரு பசு காலை ஒடித்துக்கொண்டது" என்றார். வளை தோண்டியது வுட்சக். அணில் குடும்பம்தான், ஆனால் நம்மூர்ப் பெருச்சாளியைவிடப் பெரிது. விவசாயிக்குத் தொல்லை தரும் இப்படிப்பட்ட பிராணிகளை அங்கே 'வார்மின்ட்' என்பார்கள். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு பழைய துப்பாக்கியை எடுத்து வந்தார். ரெமிங்டன் 722.

நான் துப்பாக்கி சுட்டதில்லை, சுடும் ஆசையும் இல்லை. ஆனால் அதை எப்படிப் பார்த்து வாங்கினார், எப்படிச் சரிக்கட்டினார்னு அவர் சொல்லச் சொல்ல உட்கார்ந்து கேட்டேன். அதன்பின் விட்டுவிட்டுப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. வுட்சக்குக்கு ஏன் தனித் துப்பாக்கி? மான் வேட்டைத் துப்பாக்கி போதாதா? போதாது. இலக்கு சிறியது, தூரமோ இருநூறு கஜம். கனமான குண்டு மெதுவாகப் போகும், வழியில் தாழும், தரையில் பட்டுத் தெறித்துப் பக்கத்துப் பண்ணைக்கும் போகலாம். மெல்லிய உறை போட்ட சின்னக் குண்டை மிக வேகமாக அனுப்பினால் அது ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பட்ட இடத்தில் பெரும்பாலும் சிதறிவிடும்.

இந்த யோசனையில் 1930ல் .22 ஹார்னெட் தோட்டா கடைக்கு வந்தது. 1935ல் வின்செஸ்டர் கம்பெனியின் .220 ஸ்விஃப்ட். அது நொடிக்கு 4,000 அடியைத் தாண்டியது. ஆனால் குழலைச் சீக்கிரம் தின்றுவிடும் என்று பெயர் எடுத்தது. இரண்டுக்கும் நடுவில், 1950ல், .222 ரெமிங்டன். குண்டின் எடை 50 கிரெய்ன், அதாவது மூன்றேகால் கிராம்தான். வேகம் நொடிக்கு 3,100 அடிக்கு மேல். இதை வடிவமைத்தவர் ரெமிங்டன் இன்ஜினியர் மைக் வாக்கர். அவரே துல்லியச் சுடுதல் போட்டிகளில் கலந்துகொள்பவர். இந்தத் தோட்டா அந்தப் போட்டிகளில் 1970கள் வரை கொடிகட்டிப் பறந்தது. அதைச் சுட்ட 722 துப்பாக்கியும், 1962ல் வந்து மிகப் பிரபலமான 700ம் வாக்கரின் கைவண்ணமே.

சரி, பழைய 722 ஒன்றை வாங்கி எப்படிச் சரிக்கட்டுவது? வீட்டுக்காரர் சொன்ன வரிசை இது. முதலில் குழலின் உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்க்க வேண்டும்: வரிகள் கூர்மையாக இருக்கிறதா, தோட்டா நிற்கும் இடத்துக்கு முன்னால் அரிப்பு உண்டா? அடுத்தது மரக்கட்டை. மழைக்காலத்தில் மரம் உப்பும், உப்பினால் குழலைத் தள்ளும், குறி நகரும். நம் வீட்டுக் கதவு மழைக்கு இறுகுகிற அதே கதைதான். அதற்காகக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி விடுவார்கள். ஒரு டாலர் நோட்டை நுழைத்து இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும். இயந்திரப் பகுதி உட்காரும் இடத்தில் எபாக்ஸி பூசி, ஆடாமல் பதிப்பார்கள். இதெல்லாம் சரியாக அமைந்தால் நூறு கஜத்தில் ஒரு அங்குலத்துக்குள் குண்டுகள் விழும்.

கடைசியில் ட்ரிக்கர். விரல் பலமாக இழுக்க வேண்டியிருந்தால் துப்பாக்கியே அசையும். எனவே ட்ரிக்கர் லேசாக, சுத்தமாக, கண்ணாடிக் குச்சி முறிவதுபோல விட வேண்டும். வாக்கர் ட்ரிக்கர் இதற்குத்தான் பேர் போனது. ட்ரிக்கருக்கும், சுடும் ஊசியைத் தடுத்து வைத்திருக்கும் பாகத்துக்கும் நடுவே 'கனெக்டர்' என்ற சின்ன உலோகத் துண்டை வாக்கர் வைத்தார். அது எதிலும் பொருத்தப்படவில்லை, ஸ்பிரிங் அழுத்தத்தில் நிற்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் ட்ரிக்கரை விட்டு விலகி, பிறகு திரும்பி வரும்.

திரும்பி வராவிட்டால்? பிரச்சினை அங்கேதான். தூசியோ உறைந்த எண்ணெயோ கனெக்டரின் வழியில் நின்றால், ஊசியைத் தடுக்கும் பாகத்துக்குச் சரியான பிடிமானம் கிடையாது. அந்த நிலையில் சேஃப்டியை விலக்கினால், ட்ரிக்கரைத் தொடாமலே சுட்டுவிடலாம். இதைவிட எனக்கு உறைத்தது வேறு விஷயம். பழைய மாடல்களில் சேஃப்டி போட்டிருந்தால் போல்ட் பூட்டிக்கொள்ளும். அப்படியானால் தோட்டாவை வெளியே எடுக்க, அதாவது துப்பாக்கியைப் பாதுகாப்பாக்க, முதலில் பாதுகாப்பை எடுக்க வேண்டும்! இந்தப் பூட்டை நீக்கியது 1982ல்தான்.

வாக்கருக்கு இது தெரியாதா? தெரியும். ட்ரிக்கரைத் தடுத்துப் பிடிக்கும் ஒரு திருத்தத்தை 1948லேயே அவர் கம்பெனிக்குக் கொடுத்தார். ஒரு துப்பாக்கிக்குக் கூடுதல் செலவு ஐந்தரை சென்ட். நிர்வாகம் ஏற்கவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்தபின், 2010ல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் அவரே இதைச் சொன்னார்.

விபத்துகள், மரணங்கள், வழக்குகள் தொடர்ந்தன. 1994ல் டெக்சாஸ் ஜூரி ஒன்று 1.7 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. ட்ரிக்கரில் குறையில்லை, பராமரிக்காததும் அசட்டையும் ஆட்கள் திருகாணிகளைத் திருகியதும்தான் காரணம் என்பதே கம்பெனியின் நிலைப்பாடாக இருந்தது. திருகினால் கெடும் என்பது உண்மைதான். பிடிமானத்தைக் குறைத்தால் ட்ரிக்கர் லேசாகும், ஆபத்தும் கூடும். ஆனால் ஆள் திருகுவான், மழையில் நனைப்பான், சுத்தம் செய்ய மறப்பான் என்று முன்கூட்டியே நினைப்பதுதானே டிசைன்? எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும், மிகப் பொல்லாத பக் எப்போதாவது மட்டும் வருவதுதான். சோதனைக்கூடத்தில் ஆயிரம் முறை ஓட்டினாலும் வராது, வாடிக்கையாளர் கையில் வரும். "எங்களுக்கு வரலையே" என்று டிக்கெட்டை மூடிவிடுவோம். நானும் மூடியிருக்கிறேன்.

2017ல் சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளை உள்ளடக்கிய சமரசத்தை நீதிமன்றம் ஏற்றது. அப்போது வந்திருந்த விண்ணப்பங்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. 700க்குப் புது ட்ரிக்கர் கிடைத்தது. 722 போன்ற பழையவற்றுக்கு அதுவும் கிடைக்கவில்லை, பத்துப் பன்னிரண்டு டாலர் வவுச்சர்தான் கிடைத்தது.

வீட்டுக்காரரின் துப்பாக்கி கடைசிவரை அவரிடம் ஒழுங்காகவே இருந்தது. அன்று எனக்குக் காட்டியபோது அதில் தோட்டா இல்லை. இருந்தும் சேஃப்டியைத் தள்ளும் முன் முனையை மண்ணை நோக்கித் திருப்பினார், என்னைத் தன் பின்னால் வந்து நிற்கச் சொன்னார். காலி துப்பாக்கிக்கு இவ்வளவு சடங்கா என்று அப்போது நினைத்தேன்.