எல்லைக்கோடும் எழுத்தும்: பாறசாலை, நெய்யாற்றின்கரைத் தமிழர் குறித்து

இரு பண்பாடுகளுக்கிடையே வளரும் பிள்ளைக்கு முன்னோர் மரபைக் கையளிப்பது யார்? குடும்பமே என்பது வழக்கமான விடை. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களின் வரலாறு அவ்விடையைத் திருத்துகிறது. பேச்சைக் கையளிப்பது குடும்பம். எழுத்தைக் கையளிப்பது பள்ளி.

1956 நவம்பர் 1க்கு முன் இவை எல்லையூர்களே அல்ல. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை ஆகிய அனைத்தும் திருவிதாங்கூரின் ஒரே ஆட்சிப்பரப்பில் இருந்தவை. நேசமணி தலைமையேற்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் சேர்த்தே கோரியது. முதல் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளை இப்புறம், பாறசாலை அப்புறம் என்றானபோது, உறவு முறைகள் கோட்டைத் தாண்டித் தொடர்ந்தன, பாடநூல்கள் தொடரவில்லை.

இந்நிலப்பகுதியின் கல்வி மரபு மிகப் பழையது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல், முஞ்சிறையை அடுத்த பார்த்திவசேகரபுரத்தில், காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்களுக்கான சாலை ஒன்றை நிறுவினான். அங்குச் சேர்வோர் மூன்று அரசுகளின் நடைமுறையையும் அறிந்திருக்க வேண்டும் என்கிறது அவனது செப்பேடு. ஒன்றுக்கு மேற்பட்ட உலகங்களில் புழங்குவது அன்று குறையாகக் கருதப்படவில்லை, தகுதியாகவே கருதப்பட்டது. அச்செப்பேட்டின் தமிழைத் தாங்கிய வட்டெழுத்தையோ இன்று கல்வெட்டறிஞர் மட்டுமே வாசிக்கின்றனர். மக்கள் பேச்சு நிற்கவில்லை. பயிற்றுவது நின்றது, எழுத்து மறைந்தது.

பள்ளியின் துணையற்ற மரபுக்கு இன்னொரு சான்று நீலகிரியில் உண்டு. நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர் சிலர், விடுதலைக்குப்பின் நடுவட்டம், கூடலூர்ப் பகுதியில் தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்தனர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலில் இவர்களைக் குறிப்பிடுகிறார். கிறித்தவத்துக்கு மாறியபோது தம் பின்னற்சடையை வெட்ட நேர்ந்ததே அத்தகைய தந்தை ஒருவரின் ஒரே மனக்குறையாம். தந்தையின் உடலோடு மட்டும் ஒட்டியிருந்த அடையாளம் ஒரு கத்திரிவெட்டில் போயிற்று. மலேசியாவில் சீனப் பள்ளிகளும் 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளும் அரசின் கல்வி அமைப்புக்குள்ளேயே இயங்குவதால், அங்கு இம்மரபுகள் ஒரு தந்தையின் நினைவை மட்டும் நம்பியிருக்கவில்லை.

சட்டம் இதை அறியாததன்று. 1956இன் ஏழாவது திருத்தம் அரசமைப்பில் சேர்த்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யுமாறு மாநிலங்களைப் பணிக்கிறது. ஆனால், பத்தாம் வகுப்புவரை தமிழைக் கட்டாயமாக்கும் தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டமும், மலையாளத்தைக் கட்டாயமாக்கும் கேரளத்தின் 2017ஆம் ஆண்டுச் சட்டமும் எல்லையின் இருபுறச் சிறுபான்மையினரையும் ஒரே கவலையில் நிறுத்தின. பாறசாலைத் தமிழ்ப் பிள்ளைக்குக் கேட்கும் நியாயத்தைக் குமரி மாவட்ட மலையாளப் பிள்ளைக்கு மறுக்க இயலாது.

1956க்கு முன் இங்குத் தமிழில் தொடக்கக் கல்வி முடித்தோர் இன்று எண்பதை ஒட்டியும் கடந்தும் உள்ளனர். பேரப்பிள்ளையோடு தமிழில் பேசும் பாட்டியின் பழைய கடிதத்தை, மலையாள வழியில் மட்டும் பயிலும் அப்பிள்ளையால் வாசிக்க முடியாது. எல்லைப் போராட்ட அரசியலை எழுதிய நாம், இவ்வூர்களின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், குடும்பக் கடிதங்கள், திருமண அழைப்பிதழ்கள் ஆகியவற்றையும் தொகுக்க வேண்டும். எந்தத் தலைமுறையில் எழுத்து மாறியது என்பதை அவையே கூறும். அவற்றை விளக்கிச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்; நெடுங்காலம் இருக்கமாட்டார்கள்.