ஆழத்தின் கணக்கு: அழுத்தநீக்க நோயும் நைட்ராக்ஸின் வரலாறும்

நைட்ராக்ஸ் என்பது சாதாரணக் காற்றில் உள்ளதைவிடக் கூடுதலான ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைந்த நைட்ரஜனும் கொண்ட, முக்குளிப்போர் சுவாசிக்கும் வாயுக் கலவையாகும். காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன் இருக்க, பொழுதுபோக்கு முக்குளிப்பில் வழங்கும் நைட்ராக்ஸில் அது பெரும்பாலும் 32 அல்லது 36 விழுக்காடாக இருக்கும். இந்தச் சிறு மாற்றத்தை எட்டுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான உழைப்பும் உயிரிழப்பும் ஆய்வும் தேவைப்பட்டன. அழுத்தக் காற்றில் பணிபுரிந்த மனிதர்களுக்கு அறிவியல் அவ்வப்போது ஒரு பாதுகாப்பு இடைவெளியை ஈட்டித் தந்ததும், அந்த இடைவெளி மேலும் ஆழத்திற்காகவோ நேரத்திற்காகவோ கூலிக்காகவோ உடனுக்குடன் செலவிடப்பட்டதும் இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. நைட்ராக்ஸ் பயிற்சிச் சான்றிதழ் என்ற ஏற்பாட்டையும் இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் உடலின் மீதுள்ள அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார், அதாவது தரைமட்டத்தில் வளிமண்டலம் தரும் அழுத்தத்தின் அளவு, கூடுகிறது. அந்த அழுத்தத்திலேயே சுவாசக் காற்றும் வழங்கப்படுவதால், உடல் பயன்படுத்தாத நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்புத் திசுக்களிலும் மிகுதியாகக் கரைகிறது. மெதுவாக மேலேறினால் அது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். விரைந்து ஏறினால் திசுக்களிலும் இரத்தத்திலும் குமிழிகளாகப் பிரிந்து மூட்டு வலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல், பக்கவாதம், சில வேளைகளில் மரணம் ஆகியவற்றை உண்டாக்கும். இதுவே அழுத்தநீக்க நோய். கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கிய மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்போர், நீருக்கடியில் புதிய காற்றைச் சுவாசிக்காமல் ஒரு மூச்சின் அளவிலேயே திரும்பியதால், இந்நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு அரிதாகவே இருந்தது. காற்றை அழுத்தி ஆழத்திற்கு அனுப்பும் இயந்திரம் வந்த பிறகே இது ஒரு தொழில்நோயாயிற்று.

அந்த இயந்திரம் தொடக்கக் காலத்தில் பெருமளவில் பயன்பட்ட இடங்களுள் ஒன்று ஆற்றுப்படுகை. பிரெஞ்சுப் பொறியாளர் ஷார்ல் ட்ரிஷே, 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் லுவார் ஆற்று மணலுக்கு அடியிலிருந்த நிலக்கரியை எட்டுவதற்காக, அழுத்தக் காற்றினால் நீரை வெளியே தள்ளி நிறுத்தும் ஓர் இரும்புக் குழாய் அறையை உருவாக்கினார். அடிப்பக்கம் திறந்திருக்கும் இத்தகைய வேலை அறைகளே கெய்சன் எனப்பட்டன. அதிலிருந்து வெளிவந்த தொழிலாளர் சிலருக்குக் கை கால்களில் கடும் வலி உண்டானதை அவரே பதிவு செய்தார். 1854இல் போல், வத்தெல் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள், துன்பம் அழுத்தத்திற்குள் செல்லும்போதன்றி அதைவிட்டு வெளியேறும்போதே நேர்கிறது என்பதையும், நோயுற்றவர் மீண்டும் அழுத்தத்திற்குள் சென்றால் வலி தணிகிறது என்பதையும் எடுத்துக்காட்டினர். நோயின் இயல்பும் மருந்தின் திசையும் அப்போதே தெரிந்துவிட்டன. ஆனால் மெதுவாக வெளியேறுவதற்குச் செலவாகும் நேரத்தைக் கட்டுமான ஒப்பந்தங்கள் எளிதில் ஏற்கவில்லை.

அதன் விலையை அமெரிக்காவின் இரண்டு பெரும் பாலங்கள் காட்டின. செயின்ட் லூயிஸில் மிசிசிப்பி ஆற்றின் குறுக்கே ஜேம்ஸ் ஈட்ஸ் கட்டி 1874இல் திறந்த பாலத்தின் அடித்தளப் பணியில் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் இறந்தனர். அவர்களைக் கவனித்த மருத்துவர் அல்ஃபோன்ஸ் ஜாமினே, கெய்சனுக்குள் சென்று விரைந்து வெளியேறியதால் தாமே நோயுற்றார். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872இல் இந்நோயால் முடங்க, 1883இல் பாலம் திறக்கப்படும்வரை அவருடைய மனைவி எமிலி அவருக்கும் பணியிடத்திற்கும் இடையே பாலமாக நின்றார். அங்கு மருத்துவராக இருந்த ஆண்ட்ரூ ஸ்மித், நோயுற்றோரை மீண்டும் அழுத்தத்தில் வைக்கும் தனி அறை ஒன்றைப் பரிந்துரைத்தார். ஆயினும் அது அங்கே கட்டப்படவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, ஹட்சன் ஆற்றுச் சுரங்கப் பணியில் எர்னஸ்ட் மோயர் அத்தகைய அறையை நிறுவிய பின்னரே தொழிலாளர் மரணம் பெருமளவு குறைந்தது.

நோயின் காரணத்தை உறுதியாக நிறுவியவர் பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர். 1878இல் வெளியான வளிமண்டல அழுத்தம் பற்றிய தம் பெருநூலில், குமிழிகளில் உள்ள வாயு பெரும்பாலும் நைட்ரஜனே என்பதை விலங்குச் சோதனைகளால் அவர் மெய்ப்பித்தார். ஆக்சிஜனைச் சுவாசித்தால் நைட்ரஜன் விரைந்து வெளியேறும் என்பதையும் உணர்ந்தார். அதே நூல், உயிர் காக்கும் ஆக்சிஜனே மிகுந்த அழுத்தத்தில் மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும் நஞ்சாகிறது என்பதையும் வெளிப்படுத்தியது. மிதமான அழுத்தத்திலும் நெடுநேரம் சுவாசித்த ஆக்சிஜன் நுரையீரலைப் பழுதாக்குகிறது என்பதை 1899இல் லொரேன் ஸ்மித் கண்டறிந்தார். நைட்ராக்ஸின் பயனும் அதன் எல்லையும் இவ்வாறு, அந்தக் கலவை புழக்கத்துக்கு வரும் முன்னரே அறியப்பட்டிருந்தன. நைட்ரஜனைக் குறைப்பதற்குச் சேர்க்கும் ஆக்சிஜன் ஒரு விரும்பத்தக்க பண்டம் மட்டுமன்றித் தனக்கென ஓர் ஆழ எல்லையையும் உடன்கொண்டுவரும் பண்டம் என்பதே அவ்வறிவின் சாரம்.

அடுத்த பெரும் முன்னேற்றம் வாயுவை மாற்றாமல் நேரத்தை ஒழுங்குபடுத்தியது. பிரித்தானியக் கடற்படையின் தேவைக்காக ஆய்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன், பாய்காட், டாமன்ட் ஆகியோர், ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் செய்த சோதனைகளின் முடிவுகளை 1908இல் வெளியிட்டனர். உடலின் வெவ்வேறு திசுக்கள் வெவ்வேறு வேகத்தில் நைட்ரஜனை ஏற்றும் இறக்கும் என்று கொண்டு, 5 நிமிடம் முதல் 75 நிமிடம் வரையிலான ஐந்து அரைக்காலங்களை அவர்கள் கணக்கில் எடுத்தனர்; அரைக்காலம் என்பது ஒரு திசு தன் நிறைவளவில் பாதியை எட்டுவதற்கு ஆகும் நேரம். அழுத்தத்தை ஒரே தடவையில் பாதியாகக் குறைத்தால் பெரும்பாலும் தீங்கில்லை என்ற தம் கண்டுபிடிப்பின்படி, குறிப்பிட்ட ஆழங்களில் நின்று நின்று மேலேறும் அட்டவணையை அவர்கள் வகுத்தனர். இன்று முக்குளிப்போர் மணிக்கட்டில் அணியும் கணினிகள் பலவும் அந்தக் கணக்குமுறையின் வழித்தோன்றல்களே.

வாயுவையே திருத்தும் முயற்சி இரண்டாம் உலகப் போரில் வேகம் பெற்றது. தூய ஆக்சிஜனில் இயங்கிய சுவாசக் கருவிகளால் வலிப்புக்கு உள்ளான முக்குளிப்போரின் அனுபவத்தையடுத்து, பிரித்தானியக் கடற்படைக்காகக் கென்னத் டொனால்ட் விரிவான சோதனைகளை நடத்தினார். ஆக்சிஜனைத் தாங்கும் திறன் ஆளுக்கு ஆள் மட்டுமன்றி, ஒரே ஆளிடம் நாளுக்கு நாளும் பெரிதும் மாறுகிறது என்பதும், உலர்ந்த அறையில் தாங்கக்கூடிய அளவை நீருக்கடியில் தாங்க முடியாது என்பதும் அவருடைய முக்கிய முடிவுகள். ஆக்சிஜனுடன் நைட்ரஜனைக் கலந்து பயன்படுத்தும் முறையும் அப்போது இராணுவத்தில் வளர்ந்தது. 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்புக் கையேட்டிலும் இத்தகைய கலவைகளுக்கான நடைமுறை இடம்பெற்றது.

இராணுவத்திற்கு வெளியே இக்கலவையை எளிய வடிவில் கொண்டுவந்த நிறுவனம், 1970இல் உருவான அமெரிக்கத் தேசியப் பெருங்கடல் வளிமண்டல நிர்வாகமாகும். அங்கு முக்குளிப்புப் பிரிவை நடத்திய மோர்கன் வெல்ஸ், 32 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட கலவைக்கு அட்டவணைகளை வகுத்தார். அவை 1970களின் இறுதியில் அந்நிர்வாகத்தின் கையேட்டில் சேர்ந்தன. அவற்றின் அடிப்படை, சமமான காற்றாழம் என்ற கருத்து. 30 மீட்டரில் மொத்த அழுத்தம் 4 பார். காற்றைச் சுவாசித்தால் அதில் நைட்ரஜனின் பங்கு 3.16 பார், 32 விழுக்காடு நைட்ராக்ஸைச் சுவாசித்தால் 2.72 பார். நைட்ரஜனைப் பொறுத்தவரை உடல் அப்போது ஏறத்தாழ 24 மீட்டர் ஆழத்தில் காற்றைச் சுவாசிப்பதாகவே கருதலாம். பரவலாக வழங்கிய ஒரு பொழுதுபோக்கு அட்டவணையின்படி, நிறுத்தமின்றி மேலேறுவதற்கான நேரம் 30 மீட்டரில் 20 நிமிடம், 25 மீட்டரில் 29 நிமிடம். நைட்ராக்ஸ் தரும் ஆதாயத்தின் அளவு அந்த ஒன்பது நிமிடங்கள். ஆக்சிஜனின் பங்கழுத்தம் 1.4 பாரைத் தாண்டலாகாது என்று பின்னர் பொழுதுபோக்குப் பயிற்சியில் நிலைத்த வரம்பு, மறுபுறம் 32 விழுக்காட்டுக்கு ஏறத்தாழ 33 மீட்டரையும் 36 விழுக்காட்டுக்கு ஏறத்தாழ 28 மீட்டரையும் எல்லையாக்குகிறது.

அந்நிர்வாகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற டிக் ருட்கோவ்ஸ்கி, 1985இல் பொதுமக்களுக்கு நைட்ராக்ஸ் கற்பிக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கியதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. முக்குளிப்பு வணிகக் கூட்டமைப்பு ஒன்று, 1992இன் தொடக்கத்தில் நடந்த தன் கண்காட்சியில் நைட்ராக்ஸ் பயிற்சியாளருக்கு இடமளிக்க முதலில் மறுத்துப் பின்னர் அத்தடையை விலக்கிக்கொண்டது. நைட்ராக்ஸால் நோயுற்றவருக்குச் சிகிச்சையளிக்க முடியாது என்பன போன்ற அச்சங்கள் ஆதாரமற்றவை. ஆனால் ஆக்சிஜன் நிரப்பும்போது எண்ணெய்ப் பிசுக்கால் தீப்பற்றும் என்பதும், சிலிண்டரில் என்ன கலவை உள்ளது என்பதைப் பார்த்தறிய முடியாது என்பதும் நியாயமான கவலைகள். 36 விழுக்காட்டுச் சிலிண்டரைக் காற்று என்றெண்ணி 40 மீட்டர் இறங்குபவர் 1.8 பார் ஆக்சிஜனைச் சுவாசிக்கிறார். அங்கே வலிப்பு வந்தால் வாயிலிருந்து சுவாசக் குழாய் நழுவி அவர் மூழ்கிவிடக்கூடும்.

சான்றிதழ்ப் பயிற்சி இந்தக் கவலைகளுக்கான விடையாகவே வடிவம் பெற்றது. ஒவ்வொருவரும் தாம் எடுத்துச் செல்லும் சிலிண்டரின் ஆக்சிஜன் அளவைப் பகுப்பாய்வுக் கருவியால் தாமே சோதித்து, விழுக்காட்டையும் இறங்கக்கூடிய அதிகபட்ச ஆழத்தையும் அதன்மீது எழுதி, பதிவேட்டில் கையொப்பமிட்டு, கணினியிலும் அதே அளவைப் பதிந்த பின்னரே நீரில் இறங்க வேண்டும் என்பது அதன் மையம். வேறு பயிற்சிகள் பெரும்பாலும் நீருக்குள் செய்யும் செயல்களைக் கற்பிக்க, இது பெருமளவு கரையில் செய்யும் கணக்கையும் சரிபார்ப்பையும் கற்பிக்கிறது. 1990களின் நடுப்பகுதிக்குள் பெரிய பயிற்சி அமைப்புகள் பலவும் நைட்ராக்ஸை ஏற்றன. முன்பு மறுத்த சுற்றுலா முக்குளிப்பு நிலையங்களிலும் அது வழக்கமான சரக்காயிற்று.

அழுத்தநீக்க நோய்க்கு ஒருமுறை ஆளானவர் மீண்டும் கடலிறங்கும் கேள்வியில்தான் நைட்ராக்ஸின் பயன் கூர்மையாகச் சோதிக்கப்படுகிறது. 1960களில் அமெரிக்கக் கடற்படையில் உருவாகி இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படும் சிகிச்சை முறையில், நோயாளி 18 மீட்டர் ஆழத்துக்கு இணையான 2.8 பார் அழுத்தத்தில், இடையிடையே காற்றுடன், தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கத் தொடங்கி, ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் வெளிக்கொணரப்படுகிறார். நீருக்கடியில் அபாயமான அந்த அளவு, உலர்ந்த அறையில் மருத்துவ மேற்பார்வையின்கீழ் மருந்தாகிறது. குணமடைந்த பின் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதை நோயின் தன்மை தீர்மானிக்கிறது: வலி மட்டும் இருந்தவரைவிட நரம்பு பாதிக்கப்பட்டவர் நெடுங்காலம் விலகியிருக்க வேண்டும், குறை எஞ்சி நிற்பவருக்கு முக்குளிப்பே தகாது எனலாம். இதயத்தின் மேலறைகளுக்கு இடையே பிறப்புக்குப் பின் மூடாமல் எஞ்சும் சிறு துளை, நால்வரில் ஒருவருக்கு இருப்பது. குமிழிகள் அதன் வழியே தமனி இரத்தத்தில் நேரே கலக்கக்கூடும் என்பதை 1989 முதல் வெளிவந்த ஆய்வுகள் சுட்டிக்காட்டியதால், காரணம் விளங்காத நரம்புப் பாதிப்புக்கு ஆளானோரிடம் மருத்துவர் அதைத் தேடுவர்.

அனுமதி பெற்றுத் திரும்புபவருக்கு அடிக்கடி கூறப்படும் வழி, நைட்ராக்ஸைச் சுவாசித்துக்கொண்டே கணினியைக் காற்றுக்கு அமைத்து, காற்றுக்குரிய நேரத்தை மட்டும் கடைப்பிடிப்பது. அப்போது அந்த ஒன்பது நிமிடங்கள் செலவாகாமல் நைட்ரஜன் குறைவாக எஞ்சி நிற்கும். அதே கலவையை முழு நேரத்துக்கும் பயன்படுத்துபவர் கூடுதல் பாதுகாப்பு எதையும் பெறுவதில்லை. கணினி காற்றுக்கு அமைந்திருந்தாலும் ஆக்சிஜனின் ஆழ எல்லை மாறாது என்பதால், அதைத் தனியே மனத்தில் கொள்வதும், மெதுவாக மேலேறுவதும், 5 மீட்டரில் சில நிமிடம் நிற்பதும், விமானப் பயணத்துக்கு முன் போதிய நேரம் விடுவதும் நைட்ராக்ஸால் தேவையற்றவை ஆகிவிடுவதில்லை.

இவ்வளவு அறிவும் தொடக்கத்தில் கூலித் தொழிலாளரின் உடல்களிலிருந்தே பெறப்பட்டது. ஆனால் அதன் முழுப்பயனை முதலில் நுகர்ந்தோர் விடுமுறைக்காகக் கடலிறங்குவோர். ஹோண்டுராஸின் மிஸ்கிட்டோ கரையில் சிங்கி இறால் தேடி ஸ்கூபா கருவியுடன் ஒரே நாளில் பல சிலிண்டர்கள் முடியும்வரை இறங்கும் பழங்குடி இளைஞர் பலர் கால்கள் செயலிழந்து வாழ்கின்றனர். மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் சங்குக்காகவும் கடல் அட்டைக்காகவும் கம்ப்ரசர் குழாயிலோ சிலிண்டரிலோ காற்றைச் சுவாசித்து இறங்குவோருக்கும் இதே நோய் நேர்கிறது. மூச்சடக்கிக் குளித்த முன்னோரின் ஆழத்தையும் நேரத்தையும் அவர்களுடைய மூச்சே வரையறுத்தது. இயந்திரக் காற்று அந்த வரம்பை நீக்கியது, அதன் இடத்தில் வைக்க வேண்டிய அட்டவணையும் அழுத்த அறையும் அதே வேகத்தில் வந்து சேரவில்லை. கூலி ஆழத்தைப் பொறுத்தும் அள்ளிவரும் பொருளைப் பொறுத்தும் அமையும்வரை, எந்தக் கலவை தரும் இடைவெளியும் கூடுதல் சரக்காகவே செலவாகும். ஆகவே நைட்ராக்ஸ் வகுப்பில் கற்பிக்கப்படும் கணக்கு தொழில்முறைக் குளிப்போரை எட்டும்போது, அவர்களுடைய ஊதிய முறையும் அதனுடன் சேர்த்துத் திருத்தப்பட்டாக வேண்டும்.