மறுமுனையில் யார்?

"ரேகை விழலை தாத்தா, நல்லா அழுத்தி வைங்க."

2019 நவம்பர். ஒரு வங்கிக் கிளையில் என் தாத்தா நாலாவது தடவையாகக் கட்டை விரலை வைத்துக்கொண்டிருந்தார். ஈரத்துணியில் துடைத்துப் பார்த்தாச்சு, மற்ற விரல்களையும் வைத்துப் பார்த்தாச்சு. அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை மெஷின் ஒத்துக்கொள்ளவே இல்லை.

முன்பெல்லாம் ஓய்வூதியர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நேரில் போய், அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு ஆயுள் சான்றிதழ் கொடுப்பார்கள். 2014 நவம்பர் 10 அன்று 'ஜீவன் பிரமாண்' வந்தது. ஆதாரோடு விரல்ரேகை பொருந்தினால் போதும், எங்கிருந்தும் கொடுக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் வயதாக ஆகத் தோல் உலர்ந்து ரேகை மழுங்கும். முதியவர்களுக்கென்றே செய்த திட்டம் முதியவர்களின் விரலிலேயே தடுக்கி விழுந்தது.

இதில் எனக்கு உறுத்திய விஷயம் வேறு. அந்த விரல்கள் முப்பத்தைந்து வருஷம் தந்தி அடித்தவை.

இந்தியாவில் தந்தி 1850இல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் நடுவே சோதனையாகத் தொடங்கி, 1855இல் பொதுமக்களுக்கு வந்தது. புள்ளி, கோடு என்று இரண்டே குறிகள். நம்முடைய பூஜ்யம், ஒன்றுக்கு இது தாத்தா முறை என்று சொல்லலாம் (இடைவெளியும் ஒரு குறிதானே என்று சண்டைக்கு வருபவர்கள் வரலாம்). காதில் விழும் சத்தத்தைக் கை எழுத்தாக்க வேண்டும், தலை அடுத்த சொல்லுக்குத் தயாராக இருக்க வேண்டும். 1964இல் வேலைக்குச் சேர்ந்த தாத்தா இதை மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துக் கற்றுக்கொண்டார். பிறகு டெலிபிரிண்டர் வந்தது, அதையும் கற்றார். கடைசி வருஷங்களில் கம்ப்யூட்டர் வந்தது, அதையும். ஒவ்வொரு முறையும் சம்பளத்தோடு பயிற்சி, பக்கத்து நாற்காலியில் கேட்டுக்கொள்ள ஓர் ஆள். "வயசானவங்களுக்கு டெக்னாலஜி வராது" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குச் சொல்லிக்கொடுப்பது யாருடைய வேலையாகவும் இல்லை என்பதுதான் உண்மை.

ஒருநாள் ஓடிபி காலாவதியாகி மூன்றாவது முறை தோற்றபோது சொன்னார்: "தந்தியில தப்பா அடிச்சா மறுமுனையில இருக்கிறவன் நிறுத்துவான். திரும்ப அனுப்புய்யான்னு கேப்பான். இதுல மறுமுனையில யாருடா இருக்கா?"

நான் பதில் சொல்லவில்லை. போனை வாங்கி இரண்டு நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தேன். அப்படித்தான் எப்போதும். கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் ஆகும், செய்து கொடுக்க இரண்டு நிமிஷம். அதனால் அவருடைய பின் நம்பர் எனக்குத் தெரியும். ஓய்வூதியம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு அனுப்புகிறார், எந்தப் பழைய நண்பரின் மருத்துவச் செலவுக்குப் பாட்டிக்குத் தெரியாமல் கொடுக்கிறார், எல்லாம் தெரியும். 1885ஆம் வருஷத் தந்திச் சட்டப்படி, தந்தி ஊழியர் ஒருவர் பிறர் செய்தியை வெளியே சொன்னால் மூன்று வருஷம் வரை சிறை. ஊரின் சாவுச் செய்தியும் கல்யாணச் செய்தியும் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்த மனிதர், இப்போது பேரனிடம் எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்கிறார். என்னை எந்தச் சட்டமும் கட்டவில்லை.

2013 ஜூலை 14 இரவோடு தந்திச் சேவை நின்றபோது அவர் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. "வயர் போனா என்ன, சேதி போகுதுல்ல" என்றார்.

2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே ஆயுள் சான்றிதழ் கொடுக்கும் வசதி வந்தது. அடுத்த வருஷம் போனை அவர் கையிலேயே கொடுத்தேன். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. சிமிட்டினார். ஏற்கவில்லை. வெளிச்சம் பார்த்து வாசல் திண்ணைக்குப் போனோம். எனக்குக் கை பரபரத்தது, பின்னால் கட்டிக்கொண்டேன். நாற்பது நிமிஷம் ஆனது. கடைசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது, அதில் நீளமாக ஓர் எண்.

"இது யாரு அனுப்பினது?"

"யாரும் இல்ல தாத்தா. தானா வரும்."

டைரியை எடுத்து அந்த எண்ணைப் பென்சிலால் எழுதிக்கொண்டார், பழைய தந்தித் தாளில் எழுதுவதுபோலத் தனித்தனியாக, பெரிது பெரிதாக. பக்கத்தில் நேரத்தையும் குறித்தார். பிறகு என்னைப் படிக்கச் சொல்லி ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்தார்.