கைப்பிடிக்கு விடை கொடுத்த மோட்டார்

குளிர் நாடுகளில் கார் வைத்திருந்தோருக்குப் பனிக்காலக் காலை என்றாலே ஒரு காலத்தில் அச்சம். இரும்புக் கைப்பிடியை எஞ்சினில் செருகி, கையால் சுழற்றித்தான் அதைக் கிளப்ப வேண்டும். குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டுச் சுழற்சியைத் தடுக்கும். பெட்ரோலும் எளிதில் ஆவியாகாது. தீப்பொறி உரிய நேரத்துக்கு முன்பே எழுந்தால் கைப்பிடி எதிர்ப்புறம் உதைக்கும். அதனால் கை முறிந்தவர்கள் பலர்.

மின்மோட்டாரால் சுழற்றினால் என்ன? அதற்கு மிகப் பெரிய மோட்டார் வேண்டுமே என்று பொறியாளர்கள் தயங்கினர். அமெரிக்காவின் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் வேறுவிதமாகச் சிந்தித்தார். கடைகளின் பணப்பதிவுப் பொறிக்குச் சிறு மின்மோட்டார் அமைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. சில விநாடிகளே இயங்கும் மோட்டார் அளவுக்கு மீறிய சுமையையும் தாங்கும். அது சூடேறுமுன் வேலை முடிந்துவிடும் அல்லவா? 1912ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் அவருடைய ஸ்டார்ட்டர் இடம்பெற்றது.

ஆனால் குளிர் முற்றிலும் தோற்றுவிடவில்லை. பாட்டரியின் வேதிவினையும் குளிரில் மந்தமாகிறது. எஞ்சின் அதிக ஆற்றல் கேட்கும் வேளையில் பாட்டரி குறைவாகவே தருகிறது. ஆகவே, குளிரில் கார் கிளம்ப மறுத்தால் முதலில் பாட்டரியைச் சோதியுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து இயக்காமல், இடையிடையே ஓய்வு கொடுங்கள். கெட்டரிங்கின் கணக்கு சில விநாடிகளுக்குத்தான்!