சுற்றிலும் செம்பனை: நம் மண்ணின் மரங்களைக் காப்பது யார்?

லாயாங் லாயாங்: ஜோகூர், குளுவாங் மாவட்டத்தில் உள்ள இச்சிறு பட்டணத்தைச் சுற்றிலும் பச்சைதான். ஆனால், அதில் பெரும்பகுதி இந்த மண்ணுக்குரியது அல்ல. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ரப்பரின் தாயகம் பிரேசில்; 1877-இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூரில் வந்திறங்கி, பின்னர் மலாயா முழுவதும் பரவியது.

மெராந்தி, கெருயிங், செங்கால் போன்றவையே இந்த மண்ணின் மரங்கள். தோட்டங்களுக்காகக் காடு திருத்தப்பட்டபோது விழுந்தவையும் அவைதாம். எஞ்சியவற்றைத் தேடிப் பதிவு செய்து காக்கும் பணியில் ஆய்வாளர்களோடு பொதுமக்களும் ஈடுபடுகின்றனர். அதற்கு ஜோகூரே நல்ல எடுத்துக்காட்டு.

எண்டாவ்-ரொம்பின் பயணம்

இயற்கை ஆர்வலர்களின் அமைப்பாக 1940-இல் தொடங்கப்பட்டது மலாயா இயற்கைக் கழகம். இன்று அது மலேசிய இயற்கைக் கழகம். ஆய்வாளர் அல்லாதவரும் அதில் உறுப்பினராகலாம்.

ஜோகூர்-பகாங் எல்லையில் பரந்து கிடக்கும் எண்டாவ்-ரொம்பின் காட்டில் மரம் வெட்ட 1977-இல் பகாங் மாநில அரசு அனுமதி வழங்கியது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, வெட்டும் பணி நின்றது. எனினும், உள்ளே என்னென்ன இருக்கின்றன என்பதை எடுத்துக்காட்டினால்தான் காட்டைக் காக்க முடியும் என்ற நிலை. 1985-86-இல் கழகம் அங்கு பெரும் ஆய்வுப் பயணம் ஒன்றை நடத்தியது. அறிவியலாளர்களுடன் தொண்டூழியர்களும் காட்டுக்குள் சென்றனர்.

அக்காட்டின் விசிறிப் பனை ஒன்று 1987-இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டு, ‘லிவிஸ்டோனா எண்டாவென்சிஸ்’ எனப் பெயர் பெற்றது. 1993-இல் ஜோகூர் பகுதி தேசியப் பூங்காவாக அரசிதழில் வெளியிடப்பட்டது. லாயாங் லாயாங் இருக்கும் அதே மாவட்டத்தின் கஹாங் பட்டணம் வழியாகவே, ஜக்குன் பூர்வக்குடியினர் வாழும் கம்போங் பெத்தா நுழைவாயிலை அடையலாம்.

விதை காத்திருக்காது

மெராந்தி இன மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பல மரங்கள் ஒரே பருவத்தில் பூத்துக் காய்க்கும். அவற்றின் விதையை நெல்லைப் போல உலர்த்திச் சேமிக்க முடியாது. உலர்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும். விழுந்த சில வாரங்களுக்குள் பொறுக்கி முளைக்க வைத்தாக வேண்டும்.

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகம், தீபகற்பத்தில் இக்குடும்ப மரங்களின் நிலையை மதிப்பிட்டு 2010-இல் சிவப்புப் பட்டியல் வெளியிட்டது. ஆனால், எந்த மரம் எப்போது பூக்கிறது என்பதை அருகில் வாழ்பவர்தான் முதலில் காண்பார்.

ஆற்றோரத்திலும் மேட்டு நிலத்திலும் தப்பி நிற்கும் பழைய மரத்தைக் கண்டால் இலை, பூ, காய், பட்டை ஆகியவற்றைப் படம் எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்து வைக்கலாம். வனக் காப்பகத்திலிருந்து செடியைப் பிடுங்கி வருவது கூடாது. பெயரும் இடமும் தெரிந்தால்தான், காய் விழும் பருவத்தில் விதை பொறுக்க ஆள் அனுப்ப முடியும்.