வரம்பைத் தாண்டிய தண்டு

1869-இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ரேங்கின் ஒரு கணக்குப் போட்டார். சுழலும் தண்டுக்கு ஒரு வேக வரம்பு உண்டு. அதைத் தாண்டி நிலையாக ஓட்டவே முடியாது என்றார்.

ஸ்வீடனின் டி லாவல் ஓட்டிக் காட்டினார். நிமிடத்துக்கு 30,000 சுற்று சுற்றிய தன் சிறிய நீராவி டர்பைனில் மெல்லிய, வளைந்து கொடுக்கும் தண்டை மாட்டினார். வரம்பருகே உதறிய தண்டு, தாண்டியதும் அடங்கியது. சக்கரம் தன் எடைமையத்தைச் சுற்றியே சுழலத் தொடங்கியது. காரணத்தை 1895-இல் ஜெர்மனியின் ஃபெப்பலும் 1919-இல் பொறியாளர் ஜெஃப்காட்டும் கணக்கில் விளக்கினார்கள்.

வரம்புக்கு மேல் ஓட்டும் துணிச்சல் வந்ததும் புதுத் தலைவலியும் வந்தது. 1920-களில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஊதுலை கம்ப்ரசர்கள் சில திடீரெனக் குலுங்கின. எவ்வளவு சமன் செய்தும் பயனில்லை. அந்த நிறுவனத்தின் ஆய்வாளர் நியூகர்க் ஆராய்ந்தபோது, தண்டு ஓடும் வேகத்தில் அல்ல, தன் இயல்பு அதிர்வெண்ணில் அதிர்வது தெரிந்தது. தண்டில் இறுக்கி மாட்டிய பாகங்களின் உள்ளுராய்வுதான் அதைத் தூண்டியது. அடுத்து, சக ஆய்வாளர் டெய்லருடன் சேர்ந்து, பேரிங்கின் எண்ணெய்ப் படலமும் இதே வேலையைச் செய்யும் என்று காட்டினார். எண்ணெய் தண்டின் ஏறக்குறைய பாதி வேகத்தில் சுற்றுவதால், ஓட்டம் வரம்பைப் போல் இரு மடங்கை எட்டும்போது ஆபத்து.

ஜெட் எஞ்சின்களில் கதை மாறியது. அவற்றின் பந்து பேரிங்குகள் அதிர்வை உறிஞ்சுவது சொற்பம். எனவே பேரிங்கின் வெளிவளையத்தைச் சுற்றி மெல்லிய இடைவெளி விட்டு எண்ணெய் நிரப்பினார்கள். பிழியப்படும் எண்ணெய் அதிர்வைத் தின்றது. ஆனால் இந்தப் படலம் நேர்விகிதத்துக்குக் கட்டுப்படாது. சமனின்மை கூடினால் விறைப்பு சட்டென எகிறும். அப்போது ஒரே வேகத்துக்கு இரண்டு வீச்சுகள் சாத்தியம்: வேகத்தை ஏற்றும்போது ஒன்று, இறக்கும்போது வேறொன்று.