மினி கோல்ஃபும் ஒரு பி.டி. பீரியடும்



மகன் வீட்டுக்கு அமெரிக்கா வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. போன வாரம் எல்லோருமாகத் தென் கரோலினாவில் மிர்ட்டில் பீச் என்ற கடற்கரை ஊருக்குக் காரில் போய் வந்தோம். என் துணைவியார் சேலையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக, கையில் மட்டையோடு ஒரு கொள்ளையர் கப்பலுக்கு முன்னால் நிற்கும் படத்தைப் பார்த்துப் பலர் விசாரித்திருக்கிறீர்கள். அது மினி கோல்ஃப். பதினெட்டுக் குழிகள். பச்சை விரிப்பின் மேல் பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விழ வைக்க வேண்டும். குறைந்த தட்டலில் முடிப்பவருக்கு வெற்றி. நடுவில் பாலம், நீர்வீழ்ச்சி, பீரங்கி என்று எதையாவது வைத்துப் பந்தை மறிப்பார்கள். இந்த ஊரில் மூலைக்கு மூலை இந்த ஆட்டம்தான். ஓரிடத்தில் எரிமலை, ஓரிடத்தில் டைனோசர்.

நாங்கள் போனது கொள்ளையர் இடம். ஒற்றைக் கண்ணை மூடிய ஒரு பொம்மையைக் காட்டி, "தாத்தா, இவங்க நிஜமாவே இருந்தாங்களா?" என்றாள் பேத்தி. சும்மா இருப்பேனா? இதே கரையோரத்தில் தெற்கே இருக்கிறது சார்ல்ஸ்டன் துறைமுகம். 1718 மே மாதம் 'கருந்தாடி' என்ற கொள்ளையன் அதன் வாயிலை மறித்து, கப்பல்களைப் பிடித்து, ஊர்ப் பெரியவர்களைப் பிணையாக வைத்துக்கொண்டான். அவன் கேட்டது பொன் அல்ல, ஒரு பெட்டி மருந்து! அதே ஆண்டு நவம்பரில் வட கரோலினாவின் ஒக்ரகோக் தீவருகே நடந்த சண்டையில் கொல்லப்பட்டான். பேத்திக்கு ஒரே சந்தோஷம். மகன் மட்டும், "அப்பா, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க" என்றான்.

அன்று ஜெயித்தது என் துணைவியார். வயது 66. மட்டை என்று ஒன்றைக் கையில் பிடித்ததே அன்றுதான். மகனுக்கும் மருமகளுக்கும் கொஞ்சம் திகைப்பு. எனக்கு மட்டும் இரவில் தூக்கம் வரவில்லை, அதனால் இந்த ஆட்டத்தின் கதையைத் தேடிப் படித்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

இதன் வேர் ஸ்காட்லாந்தில், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இருக்கிறது. கோல்ஃபின் தலைமைப் பீடம் அது. 1867இல் அங்கே பெண்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கி, மேடும் பள்ளமுமான ஒரு சிறு புல்வெளியை ஒதுக்கினார்கள். பந்தைத் தட்டி உருட்ட மட்டும்தான் இடம். மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது பெண்ணுக்கு அழகில்லை என்பது அந்தக் கால நாகரிகம். மேடு பள்ளத்தைப் பார்த்து அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? இமயமலை! இன்றும் அந்தப் பெயர்தான். அதே ஊரின் பெரிய சங்கமான ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க முடிவெடுத்தது 2014 செப்டம்பரில். கணக்குப் போட்டுப் பாருங்கள், 147 ஆண்டுகள்.

கடல் கடந்து அமெரிக்கா வந்ததும் ஆட்டம் பணக்காரர் தோட்டத்துக்குள் புகுந்தது. வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்டில் ஜேம்ஸ் பார்பர் என்ற கப்பல் முதலாளி தன் வீட்டிலேயே ஒன்று அமைத்தார். ஆனால் புல் வளர்த்துப் பராமரிப்பது பெரிய செலவு. அதற்கு வழி கண்டவர் மெக்சிகோவில் பருத்தி விளைவித்த தாமஸ் ஃபேர்பர்ன். 1922இல் பருத்திக்கொட்டைத் தோலை அரைத்து, மணலும் எண்ணெயும் பச்சைச் சாயமும் கலந்து தரையாக்கிவிட்டார். நம் ஊரில் மாட்டுக்கு வைப்பது, அங்கே கோல்ஃப் மைதானம்!

குழிகளுக்கு நடுவே பொம்மையும் கதையும் வந்தது டென்னசி எல்லையிலுள்ள லுக்அவுட் மலையில். கார்னெட் கார்ட்டர் என்பவர் தன் விடுதிக்கு ஆள் சேர்க்க 1920களின் பிற்பகுதியில் 'டாம் தம்ப்' என்ற பெயரில் ஒன்று கட்டினார். டாம் தம்ப் ஆங்கிலக் கதையில் வரும் கட்டைவிரல் அளவுப் பையன். குள்ளர் சிலைகளும் தேவதைக் கதை அலங்காரமும் அவர் மனைவி ஃப்ரீடாவின் யோசனை. நிறுவனக் கதைகளில் கணவர் பெயர்தான் முன்னால் நிற்கிறது. இது உலக வழக்கம், விட்டுவிடுவோம்.

இனி வருவது நான் வகுப்பில் சொல்லத் தவறியது. 1929 பங்குச் சந்தை வீழ்ச்சி என்று போர்டில் எழுதி, காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து என்று உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். அந்தப் பெருமந்தத்தில் மனிதர்கள் சாயங்காலம் என்ன செய்தார்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 1930இல் அமெரிக்காவில் 25,000க்கும் மேற்பட்ட மினி கோல்ஃப் இடங்கள் முளைத்தன. வேலை போனவர்கள் காலி மனையில் பழைய டயர், உடைந்த குழாய், தகரம் என்று கிடைத்ததை அடுக்கி, சில்லறைக் காசுக்கு ஆட விட்டார்கள். நியூயார்க்கில் மொட்டை மாடிகளில்கூட ஆடினார்கள். அடுத்த ஆண்டே மோகம் வடிந்தது, போட்ட காசும் போயிற்று. காற்றாலை சுற்றும் குழிகளெல்லாம் 1950களில் வந்த இரண்டாவது அலை.

ஏழைக்கும் இடம் கிடைத்தது என்று எழுதி நிறுத்த முடியவில்லை. தலைநகர் வாஷிங்டனில், ஈஸ்ட் போடோமாக் பூங்காவில், அந்தக் காலத்து மினி கோல்ஃப் ஒன்று இருக்கிறது. அரசுப் பூங்காதான், ஆனால் கறுப்பின மக்கள் உள்ளே போய் ஆட முடியாது. 1941 கோடையில் கறுப்பினத்தவர் மூவர் அந்தப் பூங்காவின் பெரிய மைதானத்தில் துணிந்து இறங்கினார்கள். கூடி நின்றவர்களின் ஏச்சுக்கு நடுவே ஆடினார்கள். உள்துறைச் செயலர் ஹரோல்ட் இக்கீஸ் அவர்கள் பக்கம் நின்றார். தலைநகரின் அரசு மைதானங்கள் எல்லோருக்கும் திறந்தன, மினி கோல்ஃப் உட்பட.

இதைப் படித்தபோதுதான் எனக்கு நம் பள்ளி நினைவு வந்தது. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு நினைவிருக்கும். போர்ஷன் முடியவில்லை என்றால் பி.டி. பீரியடை நான் வாங்கிக்கொள்வேன். பையன்கள் இருந்தால் சத்தம் போடுவார்கள் என்று அவர்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, பெண் பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்து வரைபடம் குறிக்கச் சொல்வேன். அடுத்த நாள் அதே வரைபடத்தைப் பார்த்துப் பையன்கள் எழுதிக்கொள்வார்கள். ஒருத்தியும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன். செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்களாவது ஒரு புல்வெளி கொடுத்தார்கள். நான் கொடுத்தது மேப் ஷீட்.

மன்னிக்க வேண்டுகிறேன், பிள்ளைகளே. அன்று விட்டிருந்தால் என்ன ஆடியிருப்பீர்கள் என்று கீழே எழுதுங்கள், படிக்கிறேன்.

என் துணைவியார் பாண்டி ஆடுவதை நிறுத்தியது பதின்மூன்று வயதில். பெரிய மனுஷி ஆனதும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இதை 42 ஆண்டு மணவாழ்க்கையில் முதல் முறையாக அன்று காரில் திரும்பும்போது சொன்னார். நானும் கேட்டதில்லை.

பதினெட்டாவது குழியில் பந்து விழுந்தால் திரும்ப வராது. குழாய் வழியாகக் கவுண்டருக்கே போய்விடும். அவருக்கு அது தெரியாது. குனிந்து குழிக்குள் கைவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

"பாட்டி, கேம் முடிஞ்சிடுச்சு. பால் அவங்ககிட்ட போயிடுச்சு."

"முடிஞ்சுதா? உங்கப்பாவை இன்னொரு டிக்கெட் வாங்கச் சொல்லு."